57,000 ரூபாய்க்கு ப்ராசஸரும் ரேமும்: வாங்கறதுக்கு முந்தின நாள் ராத்திரி நான் பண்ண ஒரு டெஸ்ட்

என் மேஜை டிராயர்ல ஒரு கொட்டேஷன் இருக்கு. டிசம்பர்ல ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு கடையில எழுதி வாங்கினது. ரைசன் 5 7600 ப்ராசஸர் 17,500. பி650 மதர்போர்டு 12,500. 32 ஜிபி டிடிஆர்5 ரேம் 27,000. மொத்தம் 57,000. கையில போனஸ் பணம் இருந்தது. "நாளைக்கு வந்து எடுத்துக்கறேன்ணா"ன்னு சொல்லிட்டுதான் கடையை விட்டு இறங்கினேன்.

நான் போனது "ப்ராசஸரும் ரேமும் மட்டும்" மாத்த. என் கம்ப்யூட்டர் 2020-ல, வீட்டிலிருந்து வேலை ஆரம்பிச்சப்ப கட்டினது. ரைசன் 5 3600, பி450 போர்டு, 16 ஜிபி ரேம். 2021-ல ஒரு ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கார்டு போட்டேன். அந்தக் கார்டுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு, அதுக்கு அப்புறம் வரேன். ஆறு வயசு ஆகப்போற மெஷின், புது கேம்ல எல்லாம் அங்கங்க திக்குது, போனஸும் வந்திருக்கு. உங்கள்ல நிறைய பேர் இதே இடத்துலதான் இப்ப நிக்கறீங்கன்னு எனக்குத் தெரியும்.

பர்சனல் ஃபைனான்ஸ் பேசறவன்னா இந்த இடத்துல ஒரு கணக்கு சொல்லணும். 57,000 ரூபாயை 12 சதவீத வளர்ச்சியில 25 வருஷம் விட்டா 9.7 லட்சம் ஆகும், அதனால கேம் எல்லாம் வேண்டாம், ஃபண்டுல போடுங்க. கணக்கு சரிதான். ஆனா அந்தக் கணக்கைச் சொல்லி யாரும் யாரையும் நிறுத்தினதா நான் பார்த்ததில்ல. எனக்கே அதுல நம்பிக்கை கிடையாது. 27 வயசுல வாரம் எட்டு மணி நேரம் சந்தோஷமா இருக்கற ஒருத்தரைப் பார்த்து 52 வயசுல நீங்க பணக்காரர்னு சொல்றது ஆறுதலா என்ன?

சொல்லப்போனா கேமிங் செலவு ரொம்ப மலிவு. வாரத்துக்கு 8 மணி நேரம்னா வருஷத்துக்கு 400 மணி நேரம். நாலு வருஷம் ஓட்டினா 1,600 மணி நேரம். 57,000-ஐ அதால வகுத்தா மணிக்கு 36 ரூபாய்கூட வரல. மல்டிபிளெக்ஸ்ல டிக்கெட், பாப்கார்ன், பார்க்கிங்னு 500 ரூபாய் போச்சுன்னா, ரெண்டரை மணி நேரப் படத்துக்கு மணிக்கு 200 ரூபாய். கடையில இருந்து வரும்போது மெட்ரோல உட்கார்ந்து இந்தக் கணக்கைத்தான் போட்டேன். மனசுக்கு ரொம்ப நிம்மதியா இருந்தது.

வீட்டுக்கு வந்து சாப்பிடும்போதுதான் அதுல இருந்த ஓட்டை தெரிஞ்சுது. அந்த 57,000-ஐ நான் கொடுக்காட்டியும் அந்த 1,600 மணி நேரம் எனக்குக் கிடைக்கும். இப்பவும் விளையாடிட்டுதானே இருக்கேன்? நான் காசு கொடுக்கறது விளையாட்டுக்கு இல்ல. இன்னைக்கு எப்படி ஓடுதோ அதுக்கும், மாத்தின பிறகு எப்படி ஓடுமோ அதுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்துக்கு. அந்த வித்தியாசம் எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது. தெரியாமலே 57,000-க்கு ஓகே சொல்லிட்டு வந்திருக்கேன்.

அன்னைக்கு ராத்திரி

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு. உங்க கார்டு எந்தக் கம்பெனியா இருந்தாலும் ஓடும். கேம் ஓடிட்டு இருக்கும்போதே ஸ்க்ரீன் ஓரத்துல கிராஃபிக்ஸ் கார்டு எத்தனை சதவீதம் வேலை செய்யுது, ப்ராசஸர் எவ்வளவு, ரேம் எவ்வளவு, எஃப்பிஎஸ் எவ்வளவுன்னு காட்டும். அதைப் போட்டுட்டு மூணு கேமை ஆளுக்கு இருபது நிமிஷம் ஓட்டினேன்.

முதல்ல சைபர்பங்க் 2077. கிராஃபிக்ஸ் கார்டு 98, 99 சதவீதத்துலயே நின்னுது. ப்ராசஸர் பாதி வேலைகூட செய்யல. எஃப்பிஎஸ் 48 பக்கம். இதுக்கு அர்த்தம் என்னன்னா, இங்க மூச்சு வாங்கறது கார்டு. ப்ராசஸர் "அடுத்த வேலை குடு"ன்னு கை கட்டி நிக்குது. நான் 57,000 கொடுத்துப் புது ப்ராசஸர் போட்டா அதுவும் அதே மாதிரி கை கட்டி நிக்கும், கொஞ்சம் புதுச் சட்டையில.

இதை இன்னொரு விதமாவும் சரிபார்க்கலாம். ரெசல்யூஷனை 1080பி-ல இருந்து 720பி-க்கு இறக்கிப் பாருங்க. எஃப்பிஎஸ் ஜிவ்வுன்னு ஏறினா தடை கார்டுலதான். அசையாம அப்படியே நின்னா தடை ப்ராசஸர்லயோ ரேம்லயோ. எனக்கு ஏறிச்சு.

அடுத்து வாலரண்ட். இது ப்ராசஸரை நம்பி ஓடற கேம். கார்டு பாதிதான் வேலை செஞ்சுது, எஃப்பிஎஸ் 180. இங்க புது ப்ராசஸர் போட்டா கண்டிப்பா ஏறும். ஆனா என் மானிட்டர் 144 ஹெர்ட்ஸ். 180-ஏ அதுக்கு மேலதான் இருக்கு. 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் வெச்சு சீரியஸா ரேங்க் ஏத்தறவங்களுக்கு அந்த வித்தியாசம் உண்மையானது. நான் சனிக்கிழமை ராத்திரி காலேஜ் பசங்களோட சேர்ந்து சிரிச்சுக்கிட்டே தோக்கறவன்.

(மானிட்டர்னு சொன்னதும் ஞாபகம் வருது. என் ஆபீஸ் நண்பர் ஒருத்தர் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி ஒரு வருஷமா 60-லயே ஓட்டிட்டு இருந்தார். விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ல மாத்தவே இல்ல. "ப்ராசஸர் மாத்தணும் போல ப்ரோ"ன்னு என்கிட்ட யோசனை கேட்டவர் அவர்.)

மூணாவதா ஹாக்வார்ட்ஸ் லெகசி. என்னை ரொம்ப நாளா கடுப்பேத்திட்டு இருந்த திக்கல் இதுலதான். ஒரு கதவைத் திறந்தா அரை செகண்ட் உறையும். பார்த்தா 16 ஜிபி ரேம்ல 15-க்கு மேல நிரம்பி வழியுது. பின்னாடி பிரவுசர்ல எத்தனை டேப் திறந்து வெச்சிருந்தேன்னு சொன்னா மானம் போகும்.

அப்புறம் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ்ல மெமரி பக்கம் போனேன். ரெண்டு விஷயம் கண்ணுல பட்டுது. ஸ்லாட் ஒண்ணுதான் பயன்பாட்டுல இருக்கு. 2020-ல "இப்போதைக்கு ஒரே குச்சியா 16 போட்டுக்கலாம், அப்புறம் இன்னொண்ணு வாங்கிக்கலாம்"னு நினைச்சேன். அந்த "அப்புறம்" வரவே இல்ல. ஒரே குச்சின்னா ரேமுக்கும் ப்ராசஸருக்கும் நடுவுல ரெண்டு வழிச் சாலையில ஒரு வழியை மூடி வெச்ச மாதிரி. ரெண்டாவது, நான் காசு கொடுத்து வாங்கினது 3200 வேக ரேம். ஓடிட்டு இருந்தது 2400-ல. அஞ்சு வருஷத்துக்கு மேல.

இது ரொம்ப பேருக்கு நடக்கறது. ரேமை மாட்டினா அது தானா முழு வேகத்துல ஓடாது. ஸ்டார்ட் ஆகும்போது பயாஸுக்குள்ள போய் எக்ஸ்எம்பி-ன்னு ஒரு செட்டிங்கை ஆன் பண்ணணும். போர்டைப் பொறுத்து டிஓசிபி, எக்ஸ்போ-ன்னு பேர் மாறும். ரைசன்ல இது இன்னும் முக்கியம், ஏன்னா ப்ராசஸருக்கு உள்ள இருக்கற இணைப்போட வேகமே ரேம் வேகத்தோட சேர்ந்து ஓடும். செலவு பூஜ்யம், நேரம் ரெண்டு நிமிஷம்.

மறுநாள் ரிச்சி ஸ்ட்ரீட் போகல. ஏற்கனவே டிடிஆர்5-க்கு மாறிட்ட ஆபீஸ் சீனியர்கிட்ட சும்மா கிடந்த 16 ஜிபி டிடிஆர்4 குச்சியை 4,000 ரூபாய்க்கு வாங்கினேன். அதே 3200 வேகம், என்னோட அதே மாடல். இது முக்கியம். வேற வேற குச்சியைச் சேர்த்துப் போட்டா சில சமயம் முழு வேகத்துல ஓட மறுக்கும், அதனால மாட்டிப் பார்த்துட்டு அப்புறம் காசு கொடுங்க. சைபர்பங்க்ல 48 இருந்தது 50 ஆச்சு, அதாவது ஒண்ணும் ஆகல. ஹாக்வார்ட்ஸ்ல திக்கல் பெரும்பாலும் போயிடுச்சு. எனக்கு எரிச்சலே அந்தத் திக்கல்தான்.

கோவணமும் பூனையும்

"ப்ராசஸரும் ரேமும் மட்டும்"னு யோசிக்கறவங்க கோவணக் கதையை ஒருதடவை நினைச்சுப் பார்க்கணும். கோவணத்தை எலி கடிக்குதுன்னு பூனை வளர்த்து, பூனைக்குப் பால் வேணும்னு மாடு வாங்கி, மாட்டைப் பார்த்துக்கக் கல்யாணம் பண்ணிக்கிட்ட சாமியார் கதை. டெஸ்க்டாப்ல அப்படியே நடக்கும். புது ரைசன் ஏஎம்5 சாக்கெட். பழைய ஏஎம்4 போர்டுல உட்காராது. அதனால போர்டு மாத்தணும். ஏஎம்5 போர்டு டிடிஆர்5 மட்டும்தான் எடுக்கும், பழைய ரேம் அந்த ஸ்லாட்ல நுழையவே நுழையாது. அதனால ரேமும் புதுசு. இதெல்லாம் போட்டு எஃப்பிஎஸ் ஏறலன்னா அடுத்து கார்டு. பெரிய கார்டு போட்டா பவர் சப்ளை பத்தாது. 17,500 ரூபாய் ஆசை லட்சத்தைத் தொடறதுக்கு ரெண்டே சம்பளம் போதும்.

ஏஎம்4 வெச்சிருக்கறவங்களுக்கு நடுவுல ஒரு நல்ல வழி இருக்கு. 2016-ல வந்த அந்த சாக்கெட்டுக்கு ஏஎம்டி பல வருஷம் கழிச்சும் ப்ராசஸர் விட்டுட்டே இருந்தாங்க. பி450 போர்டுலகூட பயாஸை அப்டேட் பண்ணிட்டு 2022-ல வந்த ரைசன் 5 5600 போடலாம். 96 எம்பி கேஷ் இருக்கற 5800எக்ஸ்3டி போடலாம், கேமுக்கு இன்னைக்கும் அது சளைச்ச ப்ராசஸர் இல்ல. போர்டு, ரேம் எதையும் தொட வேண்டாம், பழைய ப்ராசஸரை வித்தா கொஞ்சம் காசும் திரும்பி வரும். கடையில இதை அவங்களா சொல்ல மாட்டாங்க. ஒரு ப்ராசஸர் விக்கறதைவிட மூணு பொருள் விக்கறது லாபம், அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது.

இன்டெல்ல 8, 9-ஆம் தலைமுறை வெச்சிருக்கறவங்களுக்கு அந்த வழி குறுகல். அதே போர்டுல போகணும்னா செகண்ட் ஹேண்ட்ல ஐ7 தேடணும், அதோட முடிஞ்சுது. 12-ஆம் தலைமுறையில இருந்து 14 வரைக்கும் ஒரே சாக்கெட், அதுல டிடிஆர்4 எடுக்கற போர்டும் கிடைக்கும். உங்ககிட்ட நல்ல டிடிஆர்4 ரேம் இருந்தா அதைத் தூக்கிப் போடாம மாறலாம்.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட வழக்கமான சப்போர்ட் நின்னுடுச்சு. அதைச் சொல்லியே சில இடத்துல "மொத்தமா மாத்திடுங்க சார்"ங்கறாங்க. ரைசன் 2000 வரிசையும், இன்டெல் 8-ஆம் தலைமுறையும், அதுக்கு மேல உள்ளதும் பெரும்பாலும் விண்டோஸ் 11-க்கு ஓகே. பயாஸ்ல டிபிஎம்-ஐ ஆன் பண்ணா போதும்.

ஜிடிஏ 6-க்காக இப்பவே ரெடி ஆகறேன்னு சொல்றவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். நான் இதை எழுதற வரைக்கும் அறிவிச்சிருக்கறது பிளேஸ்டேஷன் 5-க்கும் எக்ஸ்பாக்ஸுக்கும் மட்டும்தான், அதுவும் 2026 நவம்பர் 19. பிசி பத்திப் பேச்சே இல்ல. ஜிடிஏ 5 கன்சோல்ல 2013 செப்டம்பர்ல வந்துது, பிசிக்கு 2015 ஏப்ரல். வராத விருந்தாளிக்கு இன்னைக்கே இலை போட்டா சோறு ஆறிடும்.

2021 கார்டு கதை

இப்ப ரேம் விலைக்கு வரேன். அந்தக் கொட்டேஷன்ல ப்ராசஸரைவிட ரேம் விலை அதிகம்னு கவனிச்சீங்களா? அதே மாதிரி 32 ஜிபி செட் 2025 நடுவுல 9,000 ரூபாய் பக்கத்துல கிடைச்சுது. உலகத்துல ரேம் சிப் செய்யறதுல பெரும்பங்கு மூணே கம்பெனி கையில, சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். ஏஐ சர்வர்களுக்கு வேண்டிய மெமரியில லாபம் அதிகம்கறதால அவங்க ஃபேக்டரியோட கவனம் அந்தப் பக்கம் போயிடுச்சு. 2025 டிசம்பர்ல மைக்ரான், நம்ம மாதிரி ஆளுங்களுக்கு விக்கற க்ரூஷியல் பிராண்டையே நிறுத்தறதா அறிவிச்சாங்க. மிச்சம் இருக்கறதுக்கு எல்லாரும் அடிச்சுக்கறோம்.

இந்தப் படத்தை நான் ஏற்கனவே பார்த்தவன். 2021 மே மாசம், கிரிப்டோ மைனிங்கும் சிப் தட்டுப்பாடும் சேர்ந்து கிராஃபிக்ஸ் கார்டு விலை எகிறிக் கிடந்தது. "இனிமே இறங்காது, இன்னும் ஏறும்"னு எல்லாரும் சொன்னாங்க. நானும் நம்பி, ஒரு வருஷம் முன்னாடி 20,000 சொச்சத்துக்கு கிடைச்ச 1660 சூப்பரை 42,000-க்கு வாங்கினேன். பன்னிரண்டு மாச இஎம்ஐ, மாசம் 3,800.

ஆறு மாசத்துல என் கான்ட்ராக்ட் முடிஞ்சுது. புதுப்பிக்கல. சேமிப்புன்னு பெருசா ஒண்ணும் இல்ல. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் எப்படியோ ஓடிச்சு, இஎம்ஐக்கு ஓடல. மூணு மாசம் அக்காதான் கட்டினாங்க. அவங்களுக்கு அப்ப கைக்குழந்தை. "எதுக்குடா இது?"ன்னு ஒரு தடவை கேட்டாங்க, "ஆபீஸ் லேப்டாப்புக்கு"ன்னு பொய் சொன்னேன். கேம் கார்டுன்னு சொல்ல வாய் வரல. அந்த மூணு மாசமும் கம்ப்யூட்டர்ல ஒரு கேமைக்கூட நான் நிம்மதியா விளையாடல. 2022 செப்டம்பர்ல எத்தீரியம் மைனிங் முறையை மாத்தினதும் கார்டு தேவை விழுந்துது. வருஷக் கடைசியில என் கார்டைவிட வேகமான ஆர்எக்ஸ் 6600, 25,000 ரூபாய் பக்கத்துல கிடைச்சுது.

ரேமும் அதே மாதிரி இறங்கும்னு நான் சொல்ல வரல. எப்ப இறங்கும்னு தேதி சொல்றவங்களை நம்பாதீங்க. "இப்ப விட்டா போச்சு"ன்னு சொல்றவங்களையும் அதே அளவு நம்பாதீங்க. விலை ஏறும்ங்கற பயம், உங்களுக்கு அந்தப் பொருள் வேணுமாங்கற கேள்விக்குப் பதில் ஆகாது.

நோ-காஸ்ட் இஎம்ஐ பத்தியும் சொல்லிடறேன், ஏன்னா 57,000-ஐ மாசம் 6,333-ன்னு ஒன்பது மாசமா உடைச்சுக் காட்டினா சின்னதாத்தான் தெரியும். வட்டியே இல்லாத கடன்னு ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013-லயே சொல்லிடுச்சு. பேங்க் 16 சதவீத வட்டி போடுதுன்னு வெச்சுக்கோங்க. வட்டித் தொகை சுமார் 3,600, அதை விலையில தள்ளுபடியாக் கழிச்சுடுவாங்க. ஆனா அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உங்க தலையில, சுமார் 650. ப்ராசஸிங் ஃபீஸ் 199, அதுக்கும் ஜிஎஸ்டி. மொத்தம் 900 ரூபாய் கிட்ட. மொத்தமாக் கட்டினா கிடைச்சிருக்கக்கூடிய கேஷ் தள்ளுபடி போச்சுன்னா இன்னும் கொஞ்சம். உண்மையைச் சொல்லணும்னா 900 ரூபாய் பெரிய விஷயம் இல்ல. என்னை 2021-ல நெரிச்சது வட்டி கிடையாது. சம்பளம் நின்ன மாசத்துலயும் அஞ்சாம் தேதி வந்து நின்ன அந்த 3,800 ரூபாய்.

அதனால என் கட்டுப்பாடு இப்ப ஒண்ணே ஒண்ணு. கேம் சம்பந்தமா எது வாங்கினாலும் மொத்தப் பணமும் கையில இருக்கணும், அது போக ஆறு மாசச் செலவுக்கான பணம் அப்படியே இருக்கணும். அது இருந்தா 57,000 இல்ல, ஒரு லட்சத்துக்குக்கூட வாங்குங்க, யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். நாலு கோர் மட்டும் இருக்கற பழைய ஐ5-ல டெஸ்ட் பண்ணும்போது ப்ராசஸர் நூறுல முட்டிக்கிட்டு கார்டு சும்மா இருந்துதுன்னா, உங்களுக்கு வித்தியாசம் நிஜமாவே பெருசா இருக்கும், போய் வாங்குங்க. அதே மெஷின்ல வீடியோ எடிட் பண்ணி சைடுல சம்பாதிக்கறவங்க கணக்கு வேற. எங்க சேனல் எடிட்டர் ரெண்டு மாசம் முன்னாடி மொத்தமா மாத்தினார், ஒரு வீடியோ எக்ஸ்போர்ட்ல அவருக்கு பாதி நேரம் மிச்சம். அவரை நான் தடுக்கல.

என் போனஸ்ல 4,000 போக மீதி ஒரு எஃப்டியில கிடக்கு. அதுக்கு ஆப்ல "கார்டு"ன்னு பேர் வெச்சிருக்கேன். டெஸ்ட் சொன்னபடி எனக்குத் தேவைப்பட்டா அடுத்து அதுதானே. ஆசை போயிடுச்சான்னு கேட்டா, இல்ல. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு கார்ட்ல அதே மூணு பொருளைப் போட்டு டோட்டல் பார்க்கறது இன்னும் நிக்கல.

போன வாரம் கடைக்கார அண்ணன் வாட்ஸ்ஆப்ல புது ரேட் அனுப்பினார். ரேம் மட்டும் இன்னும் 1,800 கூடியிருக்கு. "தம்பி, இப்பவே எடுத்துடு, அப்புறம் வருத்தப்படுவ"ன்னு கீழ ஒரு வரி. "எடுக்கும்போது உங்ககிட்டயே வரேன்ணா"ன்னு போட்டேன். ஒரு கட்டைவிரல் அனுப்பினார். அக்காகிட்ட மட்டும் அது லேப்டாப் இல்லன்னு இன்னும் சொல்லல. இந்தப் பதிவை அவங்க படிப்பாங்க.